மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே

புர்ஜ் ஹம்மூதில் எங்கள் கட்டடத்து லிஃப்ட்
வெயிலைக் குடித்து ஓடுகிறது.
காலை ஒன்பதிலிருந்து பகல் மூன்று வரை என்று
ஆர்மீனியத்தில் ஓர் அட்டை, அரபியில் ஓர் அட்டை.
அரபி அட்டைக்கடியில் யாரோ பேனாவால்
இன்ஷா அல்லாஹ் என்று எழுதிவைத்தார்கள்.
யாரும் அழிக்கவில்லை.

மொட்டைமாடியில் பேனல் ஏற்றிய அன்றே
கூட்டத்தில் முடிவானது: முதலில் தகடு, பேட்டரி பிறகு.
அந்தப் 'பிறகு'க்கு இப்போது மூன்று வயது.

பிப்ரவரி. பதினொன்றரை மணி.
ஆறாம் மாடி அராக்சி, பையில் உறைந்த கோழி.
பழைய போன்களுக்கு உயிர் கொடுக்கும் கார்பிஸ்.
ஜெனரேட்டர் சந்தா வசூலிக்க வந்த நிஷான்.
நான்.
மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே
மேகம் வந்துவிட்டது.

பெரிய சத்தமெல்லாம் இல்லை.
ஏதோ கேட்க வாயெடுத்தவர்
வேண்டாம் என்று விட்டதுபோல நின்றது.

கார்பிஸின் போனில் வானிலைச் செயலி
முழுச் சூரியனைக் காட்டியது, மஞ்சளாக.
"இது பெய்ரூட்டுக்கா?" என்றாள் அராக்சி.
"போனுக்கு" என்றான்.

நான் துருக்கித் தொடர்களுக்கு சப்டைட்டில் எழுதுகிறவள்.
துருக்கியா என்று அராக்சி முகம் சுளிப்பாள்,
அடுத்த பகுதியில் அவன் அவளைக் கட்டுவானா
என்றும் கேட்பாள்.
ஒரு வரிக்கு நாற்பது எழுத்து, ஒரு தடவைக்கு இரண்டு வரி.
பழக்கதோஷம். அரையிருட்டில் அவர்கள் பேசப் பேச
கீழே வெள்ளை எழுத்து ஓடிக்கொண்டிருந்தது.

என் டீசலுக்கு மேகம் தெரியாது.
என் நுரையீரலுக்கு உன் டீசலைத் தெரியும்.
லித்தியம் வாங்குங்கள் என்று தலையில் அடித்துக்கொண்டேனே.
நீ மாற்றிய பேட்டரி போன மாதம் ரொட்டியாய் உப்பியது.
அது போலி.
விற்றது நீ.
கம்பெனிக்காரன் பசை வைத்து ஒட்டி அனுப்புகிறான் அக்கா,
யாரும் கழற்றக்கூடாதென்று.
என் கல்யாணமும் அப்படித்தான்.
(சிரிப்பு. ஒருவர் சிரிக்கவில்லை.)

கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்:
மாட்டிக்கொண்டோம்.
இரண்டு நிமிடத்தில் பதினோரு கட்டைவிரல்,
கும்பிடும் கைகள் நாலு ஜோடி,
கிளெண்டேலுக்குக் குடிபோய் ஒன்பது வருஷமான
இரண்டாம் மாடிக்காரரிடமிருந்து
அழும் முகம் ஒன்று.
படிக்கட்டில் மட்டும் காலடிச் சத்தம் இல்லை.

அப்போதுதான் நிஷானின் போன் அடித்தது.
அதன் காதுப்பக்கம் செத்து ஒரு வருஷம்.
மாற்றக் கூலி அநியாயம் என்று கார்பிஸோடு தகராறு.
அதனால் அவர் வீட்டுப் பேச்சு ஊருக்கே கேட்கும்.

"எங்கே தொலைந்தாய்?
வாஷிங் மெஷின் பாதியில் நிற்கிறது, துணியெல்லாம் நுரை.
நம் பேனலில் கரண்டே வரவில்லை.
பன்னிரண்டு பேனல் எதற்கு வைத்தாய், அழகுக்கா?"

(நீண்ட மௌனம்.)

பன்னிரண்டு, என்று அராக்சி
உதட்டால் மட்டும் சொன்னாள்.
கோழி சொட்டத் தொடங்கியிருந்தது,
நிஷானின் ஷூ மேல்.
அவர் காலை நகர்த்தவில்லை.
"வீட்டுக்கு வேறு, தொழிலுக்கு வேறு" என்றார் கடைசியில்.
எண்ணிப் பார்த்தேன்.
ஒரே வரியில் அடங்கியது.

மேகம் நகர்ந்திருக்க வேண்டும்.
விளக்கு இரண்டு தடவை இமைத்தது.
கார்பிஸ் கைதட்டினான், சீக்கிரமாக.
எங்கள் லிஃப்டுக்கு ஒரு குணம்:
மயங்கி எழுந்தால்
விட்ட இடம் நினைவிருக்காது.
நாலாம் மாடி அரை ஆள் உயரத்தில் இருக்க
நேரே தரைக்கு இறங்கியது.

கதவு திறந்தது.
தண்ணீர்க் கேன்களோடு ஆறு பேர் வரிசையில்.
"ஓடுதா?"

நாலு பேரும் ஒரே நேரத்தில்
நாலு பதில் சொன்னோம்.